டிசிபி தன் வேகத்தை எப்படித் தீர்மானிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெட்வொர்க் பாடம் படிக்கும் மாணவர்களும் சர்வர் பராமரிக்கும் நண்பர்களும், இணையத்தில் இரு கணினிகள் தகவல் பரிமாறும் விதிமுறையான டிசிபி பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பாடப்புத்தகத்தில் படமும் பெயர்களும் இருக்கும், அது ஏன் அப்படி என்ற காரணம் பெரும்பாலும் இருக்காது. இங்கே காரணங்களுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஐபி இருக்கும்போது டிசிபி எதற்கு?

முகவரியைப் பார்த்துப் பாக்கெட்டை, அதாவது தகவலின் ஒரு சிறு துண்டை, அடுத்த ரவுட்டருக்குத் தள்ளிவிடுவதோடு ஐபியின் வேலை முடிந்தது. பாக்கெட் போய்ச் சேர்ந்ததா, இரண்டு முறை போனதா, முன்னது பின்னதாகப் போனதா என்று அது பார்ப்பதில்லை. ரவுட்டரில் இடம் இல்லையென்றால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும். போட்டுவிட்டேன் என்று பொதுவாக யாருக்கும் சொல்லாது. இப்படிப்பட்ட தளத்தின் மேல், ஒரு பைட்டும் விட்டுப்போகாமல், வரிசை குலையாமல் தகவலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது டிசிபி.

1974-ல் விண்ட் செர்ஃபும் பாப் கானும் வெளியிட்ட கட்டுரையில் இந்த இரண்டு வேலைகளும் ஒன்றாகவே இருந்தன. பிறகுதான் பிரித்தார்கள். 1981 செப்டம்பரில் டிசிபியின் விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 793 என்ற ஆவணம் வந்தது, 1983 ஜனவரி 1 அன்று இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் இதற்கு மாறியது. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அந்த 793-ல் நெரிசலைக் கட்டுப்படுத்த எந்த ஏற்பாடும் இல்லை. அதன் விளைவு கீழே வருகிறது.

‘இணைப்பு’ என்கிறோமே, நடுவில் உண்மையில் எதாவது இணைந்திருக்கிறதா?

இல்லை. இரண்டு முனைகளிலும் உள்ள கணினிகளின் நினைவகத்தில் சில எண்கள் இருக்கின்றன: இரண்டு ஐபி முகவரிகள், எந்த நிரலுக்கு என்று காட்டும் இரண்டு போர்ட் எண்கள், இதுவரை எத்தனை பைட் போயிற்று, எத்தனை வந்தது. அவ்வளவுதான் இணைப்பு. நடுவில் இருக்கும் ரவுட்டர்களுக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரிய வேண்டியதில்லை. வீட்டு ரவுட்டர் போல முகவரி மாற்றும் கருவிகளும் ஃபயர்வால்களும் மட்டும் இதற்கு விலக்கு; அவை தங்கள் பங்குக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கும்.

அதனால்தான் இருவரும் எதுவும் அனுப்பாமல் இருக்கும்போது கேபிளைப் பிடுங்கிவிட்டுச் சில நிமிடம் கழித்துச் செருகினால், எதுவுமே நடக்காதது போல இணைப்பு தொடர்கிறது. அதே காரணத்தால்தான் எதிர்முனை மின்சாரம் போய் அணைந்தாலும் உங்கள் பக்கம் இணைப்பு உயிரோடு இருப்பதாகவே காட்டுகிறது. இதைக் கண்டுபிடிக்கக் கீப்-அலைவ் என்ற வசதி உண்டு. ஆனால் லினக்ஸில் அதை இயக்கினாலும், வேறு மாற்றம் செய்யாவிட்டால் 2 மணி நேரம் கழித்துத்தான் முதல் சோதனையே போகும். சாட் செர்வர் மாதிரி எழுதுபவர்கள் தங்கள் அப்ளிகேஷனிலேயே தனியாக ஒரு துடிப்புச் செய்தி வைப்பது இதனால்தான்.

இணைப்பைத் தொடங்கும் ஹேண்ட்ஷேக்கில் ஏன் மூன்று செய்திகள்? இரண்டு போதாதா?

இரு பக்கமும் தங்கள் பைட்டுகளுக்கு வரிசை எண் கொடுக்கின்றன. ஒவ்வொரு பக்கமும் தன் தொடக்க எண்ணைச் சொல்ல வேண்டும், அது மற்றவருக்குக் கிடைத்தது என்ற உறுதியும் பெற வேண்டும். அப்படிப் பார்த்தால் நான்கு செய்திகள். சர்வர் ‘உன் எண் கிடைத்தது’ என்பதையும் ‘என் எண் இது’ என்பதையும் ஒரே பாக்கெட்டில் வைத்துவிடுவதால் மூன்றாகிறது: சின் (தொடக்க எண்), சின்-ஆக் (இரண்டும் சேர்ந்தது), ஆக் (கிடைத்தது என்ற ஒப்புதல்).

இரண்டோடு நிறுத்தினால் என்ன கெடும்? எங்கோ தாமதமாகித் திரிந்த பழைய சின் ஒன்று இப்போது வந்து சேர்ந்தால், சர்வர் அதைப் புது இணைப்பு என்று நம்பிக் காத்திருக்கும். மூன்றாவது செய்திதான் ‘ஆமாம், நான் இப்போது கேட்டதுதான்’ என்று உறுதி சொல்கிறது.

தொடக்க எண்ணை ஏன் யாராலும் ஊகிக்க முடியாதபடி வைக்கிறார்கள்?

ஊகிக்க முடிந்தால், சின்-ஆக்கைப் பார்க்காமலேயே வேறொருவர் முகவரியில் ஒளிந்து இணைப்பை முடித்துவிடலாம். இது ஏட்டளவு ஆபத்து இல்லை. 1994 கிறிஸ்துமஸ் அன்று கணினிப் பாதுகாப்பு நிபுணர் சுடோமு ஷிமோமுராவின் கணினிகள் மீது நடந்த தாக்குதல் இப்படித்தான் நடந்தது. அந்த வழக்கில் பிடிபட்டவர் கெவின் மிட்னிக்.

ஹேண்ட்ஷேக்கின் இன்னொரு பலவீனம் 1996-ல் வெளிப்பட்டது. நியூயார்க்கின் பானிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் மீது, மூன்றாவது செய்தி வராத சின்களாகக் கொட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் சர்வர் நினைவகம் ஒதுக்கிக் காத்திருக்க, உண்மையான வாடிக்கையாளருக்கு இடமில்லாமல் போனது. அதே ஆண்டு டான் பெர்ன்ஸ்டைன் சொன்ன சின் குக்கி முறை அழகானது: சர்வர் எதையும் நினைவில் வைக்காது, வேண்டிய விவரத்தைத் தன் தொடக்க எண்ணுக்குள்ளேயே பொதிந்து அனுப்பிவிடும். மூன்றாவது செய்தி அந்த எண்ணோடு திரும்பி வந்தால் அதிலிருந்து விவரத்தை மீட்டுக்கொள்ளும்.

டைம்-வெயிட்டில் ஆயிரக்கணக்கான இணைப்புகள் நிற்கின்றன. சர்வரில் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. முதலில் இணைப்பை மூடியவர் பக்கம் டைம்-வெயிட் என்ற இந்தக் காத்திருப்பு நிலை வரும், லினக்ஸில் 60 விநாடி இருக்கும். கடைசி ஆக் தொலைந்துபோனால் மறுபடி அனுப்பவும், பழைய பாக்கெட்டுகள் அதே போர்ட்டில் வரும் புது இணைப்பில் கலந்துவிடாமல் இருக்கவும் இந்தக் காத்திருப்பு.

க்ளோஸ்-வெயிட் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும். எதிர்முனை மூடிவிட்டது, உங்கள் நிரல் இன்னும் தன் பக்கத்துச் சாக்கெட்டை (இணைப்பின் முனையை) மூடவில்லை என்று அதற்குப் பொருள். இயங்குதளத்தின் (கர்னல்) செட்டிங்கை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. நிரலில் எங்கே மூடாமல் விட்டிருக்கிறது என்று தேடுங்கள்.

ரிசீவ் விண்டோ, நெரிசல் விண்டோ: இரண்டும் ஒன்றா?

வேறு வேறு. ஆக் கிடைப்பதற்குள் எத்தனை பைட் வரை அனுப்பி வைக்கலாம் என்ற வரம்புதான் விண்டோ. ரிசீவ் விண்டோவைப் பெறுபவர் சொல்கிறார்: ‘என்னிடம் இவ்வளவு இடம்தான் இருக்கிறது.’ அது ஒவ்வொரு பாக்கெட்டிலும் எழுதி வரும். நெரிசல் விண்டோவை யாரும் சொல்வதில்லை. வழியில் உள்ள நெட்வொர்க் எவ்வளவு தாங்கும் என்று அனுப்புபவர் தானே ஊகித்து வைத்துக்கொள்ளும் எண் அது. இரண்டில் எது சிறியதோ அதுவே வரம்பு.

ரிசீவ் விண்டோவுக்கு முதலில் ஒதுக்கியது 16 பிட், அதாவது 65,535 பைட். ஆர்டிடி, அதாவது பாக்கெட் போய் ஆக் திரும்பிவர ஆகும் நேரம், 250 மில்லிவிநாடி இருக்கும் தடத்தில், லைன் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இந்த வரம்பால் சுமார் 2 எம்பிபிஎஸ்ஸைத் தாண்ட முடியாது. 1992-ல் விண்டோ ஸ்கேலிங் வந்தபின் ஏறத்தாழ 1 ஜிபி வரை போகலாம். இன்றும் எங்காவது பழைய ஃபயர்வால் அந்த ஆப்ஷனைத் தின்றுவிட்டால், வேகம் மர்மமாக அங்கேயே நின்றுவிடும்.

நெரிசல் கட்டுப்பாடு எப்போது, ஏன் வந்தது?

1986 அக்டோபர். கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே சுமார் 400 கெஜம் தூரம். அந்தத் தடத்தின் வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. 800 மடங்கு வீழ்ச்சி! விநாடிக்கு 5 எழுத்து, அதாவது ஒருவர் வேகமாகத் தட்டச்சு செய்யும் வேகம்தான் இந்த 40 பிட்.

லைன் அறுபடவில்லை, இயந்திரம் எதுவும் பழுதாகவில்லை. லைன் முழுதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஓடியது பெரும்பாலும் ஏற்கெனவே போன பாக்கெட்டுகளின் நகல்கள். வரிசை நீண்டதால் ஆக் தாமதமாயிற்று. அனுப்பிய கணினி ‘தொலைந்துவிட்டது’ என்று எண்ணி மறுபடி அனுப்பியது. அது வரிசையை இன்னும் நீட்டியது. எல்லாக் கணினிகளும் விதிப்படியே நடந்தன, விதியில்தான் குறை. ஜான் நேகிள் 1984-லேயே ஆர்எஃப்சி 896-ல் இப்படி நடக்கும் என்று எச்சரித்திருந்தார்.

வான் ஜேக்கப்சனும் மைக் கேரல்ஸும் இதை அக்கு அக்காகப் பிரித்துப் பார்த்தார்கள். 1988-ல் ஜேக்கப்சனின் கட்டுரை வந்தது, திருத்தம் பிஎஸ்டி யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் டாஹோ பதிப்பில் போனது. அதன் அடிப்படை ஒரே வரி: நெட்வொர்க்கிலிருந்து ஒரு பாக்கெட் வெளியே வந்தபின்தான் இன்னொன்றை உள்ளே விடு. வெளியே வந்ததை ஆக் சொல்கிறது. ஆக எந்தக் கடிகாரமும் இல்லாமல், திரும்பி வரும் ஆக்குகளின் தாளத்துக்கே அனுப்புபவர் அடுத்ததை விடுகிறார்.

ரவுட்டர்களில் எதையும் மாற்றாமல், முனைகளில் இருக்கும் மென்பொருளை மட்டும் மாற்றிச் சாதித்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு. நடுவில் நின்று ‘நீ இவ்வளவு, அவர் இவ்வளவு’ என்று பங்கு போட யாரும் இல்லை. ஒவ்வொரு கணினியும் தானே அடங்கிக்கொள்கிறது. கோடிக்கணக்கான பேர் ஒரே லைன்களைப் பகிர்ந்துகொள்ள முடிவது இந்த அடக்கத்தால்தான்.

ஸ்லோ ஸ்டார்ட் என்கிறார்கள், ஆனால் இரட்டிப்பாக ஏறுகிறதே?

முன்பு இருந்த முறையோடு ஒப்பிட்டால்தான் அது ஸ்லோ. முன்பெல்லாம் இணைப்பு கிடைத்ததும் பெறுபவர் விண்டோ முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டினார்கள். இப்போது சிறிதாகத் தொடங்கி, வரும் ஒவ்வொரு ஆக்குக்கும் விண்டோவை ஒரு பாக்கெட் கூட்டுகிறார்கள். அதனால் ஒரு சுற்றுக்கு இரு மடங்காகிறது. தொடக்க அளவு முதலில் 1 பாக்கெட், 2013-ல் வந்த ஆர்எஃப்சி 6928-க்குப் பின் 10.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 10 லட்சம் பைட் ஃபைல் ஒன்று. ஒரு பாக்கெட்டுக்கு 1,460 பைட் என்றால் 685 பாக்கெட். லைன் 100 எம்பிபிஎஸ், ஆர்டிடி 200 மில்லிவிநாடி. சுற்றுக்குச் சுற்று 10, 20, 40, 80, 160, 320 என்று போகிறது. ஆறு சுற்றில் 630 ஆயிற்று, மீதி 55 ஏழாவது சுற்றில். ஹேண்ட்ஷேக்குக்கு ஒரு சுற்று சேர்த்தால் எட்டு, மொத்தம் 1.6 விநாடி. லைனின் வேகத்தில் மட்டும் அனுப்பியிருந்தால் 0.08 விநாடியில் முடிந்திருக்கும். லைனை 1 ஜிபிபிஎஸ் ஆக்கினாலும் இந்த 1.6 ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆர்டிடியை 20 ஆக்கினால் கால் விநாடிக்குள் முடியும். பெரிய இணையதளங்கள் சிடிஎன் சர்வரை (தங்கள் பக்கங்களின் நகலை வைத்திருக்கும் சர்வரை) நம் ஊருக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

பாக்கெட் தொலைந்தது என்று எப்படித் தெரிகிறது?

இரண்டு வழி. முதல் வழியில், அடுத்து எந்த பைட் வேண்டும் என்று ஆக் சொல்வதைக் கவனிக்கிறார்கள். பத்து பாக்கெட் போகிறது, நான்காவது தொலைகிறது என்று வையுங்கள். மூன்றாவது போய்ச் சேர்ந்ததும் ‘4381 வேண்டும்’ என்று ஆக் வருகிறது. ஐந்தாவது போய்ச் சேர்ந்தாலும் ‘4381 வேண்டும்’. ஆறாவதுக்கும் அதே, ஏழாவதுக்கும் அதே. ஒரே ஆக் இப்படி மூன்று முறை திரும்ப வந்ததும் அனுப்புபவர் டைமருக்குக் காத்திராமல் நான்காவதை மறுபடி அனுப்புகிறார். அது சேர்ந்ததும், மற்றவை ஏற்கெனவே இருப்பதால், ஆக் நேராக 14601-க்குத் தாவுகிறது. ஏன் மூன்று? ஒன்றிரண்டு என்றால் வெறும் வரிசைக் குழப்பமாகவும் இருக்கலாம். 1996-ல் வந்த சாக் வசதி இன்னும் துல்லியமானது. எந்தெந்தத் துண்டுகள் கையில் இருக்கின்றன என்று பெறுபவரே பட்டியல் கொடுத்துவிடுவார்.

இரண்டாவது வழி டைமர். ஆக்கே வராவிட்டால் இது. சராசரி ஆர்டிடியோடு, அது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதன் நான்கு மடங்கைக் கூட்டி டைமரை வைக்கிறார்கள். அந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் சேர்த்ததும் ஜேக்கப்சன்தான். 1986-ல் தேவையில்லாத நகல்கள் குவிந்ததற்குப் பழைய டைமர் கணக்கு ஒரு பெரிய காரணம். டைமர் தீர்ந்தால் விண்டோ 1-க்கு விழும். மறுபடியும் தீர்ந்தால் காத்திருப்பு நேரம் இரட்டிப்பாகும்.

ஏறும்போது கொஞ்சம் கொஞ்சமாக, இறங்கும்போது பாதியாக. ஏன் இந்த ஓரவஞ்சனை?

ஸ்லோ ஸ்டார்ட் முடிந்தபின் விண்டோ சுற்றுக்கு ஒரு பாக்கெட்தான் ஏறும்; ஒரே ஆக் மூன்று முறை திரும்ப வந்து இழப்பு தெரிந்தால் பாதியாகும். இது பங்கு சமமாவதற்காக. 100 அளவுள்ள லைனில் ஒருவர் 80, இன்னொருவர் 20 எடுத்துக்கொள்கிறார்கள். நிரம்பியதும் இருவரும் பாதியாக்குகிறார்கள்: 40, 10. பிறகு இருவரும் ஒரே அளவு ஏறுகிறார்கள்: 65, 35. மறுபடி பாதி, மறுபடி ஏற்றம்: 57.5, 42.5. இடைவெளி 60, 30, 15 என்று கரைகிறது. இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஏறுவதும் பெருக்கலாகவே இருந்தால் இந்தச் சமம் வராது. 1989-ல் சியூவும் ஜெயினும் இதைக் கணிதமாக நிறுவினார்கள்.

ஆனால் சமம் என்பது இணைப்புக்கு இணைப்பு, ஆளுக்கு ஆள் இல்லை. எட்டு இணைப்பு திறக்கும் டவுன்லோட் மேனேஜர் எட்டுப் பங்கு வாங்கிக்கொள்ளும். ஒரே லைனை வீட்டில் நான்கு பேர் பகிரும்போது அதைப் பயன்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது நம் கணினிகளில் ஓடுவது எது?

பெரும்பாலும் க்யூபிக் என்ற நெரிசல் கட்டுப்பாட்டு முறை. லினக்ஸில் 2006-லிருந்து அதுதான் இயல்புநிலை. மேலே சொன்னபடி இழப்பில் பாதியாகும் பழைய ரீனோ முறை நீண்ட, அகலமான தடங்களில் தவித்தது: 10 ஜிபிபிஎஸ், 100 மில்லிவிநாடி தடத்தில் ஒரு முறை விண்டோ பாதியானால், சுற்றுக்கு ஒரு பாக்கெட் என்று ஏறிப் பழைய இடத்துக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். க்யூபிக் 70 சதவீதத்துக்கு மட்டும் இறங்கும். கடைசியாக இழப்பு நேர்ந்த அளவை நெருங்கும்வரை வேகமாக ஏறி, அங்கே நிதானித்து, எதுவும் நடக்கவில்லையென்றால் மறுபடி வேகமெடுக்கும்.

100 எம்பிபிஎஸ் லைன் வாங்கியும் அமெரிக்க சர்வரிலிருந்து ஏன் மெதுவாக வருகிறது?

தூரமும் இழப்பும் சேர்ந்து செய்யும் வேலை. சென்னையிலிருந்து நியூயார்க் நேர்கோட்டில் சுமார் 13,500 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். ஆக, போய்வரவே குறைந்தது 135 மில்லிவிநாடி, கேபிள் சுற்றி வருவதால் அதற்கும் மேல். ரீனோ வகை டிசிபிக்கு 1997-ல் மேத்திஸ் குழு தந்த சூத்திரப்படி, ஆர்டிடி 200 மில்லிவிநாடியாக இருந்து பத்தாயிரத்தில் ஒரு பாக்கெட் தொலைந்தாலே ஒரு இணைப்பு சுமார் 7 எம்பிபிஎஸ்தான் எடுக்கும். நூற்றில் ஒன்று தொலைந்தால் 0.7. க்யூபிக் இதைவிடத் தேவலாம் என்றாலும் அதற்கும் இதே வலி உண்டு. லைன் கொடுத்தவரைத் திட்டுவதற்கு முன் பக்கத்து ஊர் சர்வரோடு ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.

வீட்டில் யாராவது வீடியோ அப்லோட் செய்தால் என் வீடியோ கால் தடுமாறுகிறது. ஏன்?

டிசிபி இழப்பைத்தான் நெரிசலின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. ரவுட்டரின் பஃபர், அதாவது பாக்கெட்டுகள் வரிசையில் காத்திருக்கும் இடம், மிகப் பெரியதாக இருந்தால் இழப்பு நேரவே நேராது. வரிசைதான் நீளும். 5 எம்பிபிஎஸ் அப்லோட் லைனில் 1 எம்பி பஃபர் நிரம்பினால், புதிதாக வரும் பாக்கெட் 1.6 விநாடி காத்திருக்க வேண்டும். அந்த வரிசையின் கடைசியில்தான் உங்கள் குரலும் நிற்கிறது. ஜிம் கெட்டிஸ் இதற்கு பஃபர்ப்லோட் என்று பெயர் வைத்து 2010-ஐ ஒட்டிப் பெரிதாகப் பேசினார். 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் ஜேக்கப்சனும் கோடெல் முறையைக் கொண்டுவந்தார்கள்: வரிசையின் நீளத்தைப் பார்க்காமல், பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்த்து முன்கூட்டியே ஒன்றிரண்டைக் கீழே போடும். உங்கள் ரவுட்டரில் வரிசையை நீளவிடாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்க்யூஎம் என்ற வசதி இருந்தால் இயக்குங்கள், வேக வரம்பை லைன் வேகத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

பிபிஆர் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

2016-ல் கூகுள் வெளியிட்ட பிபிஆர் என்ற நெரிசல் கட்டுப்பாட்டு முறை இழப்பை நம்புவதில்லை. விநாடிக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது, குறைந்தபட்ச ஆர்டிடி எவ்வளவு என்று அளந்து அதற்கேற்ற அளவில் அனுப்புகிறது. அதை உருவாக்கியவர்களில் ஜேக்கப்சனும் ஒருவர். தொலைதூரத்தில், அவ்வப்போது பாக்கெட் தொலையும் தடங்களில் உண்மையாகவே நன்றாக ஓடும். ஆனால் முதல் பதிப்பு, பஃபர் சிறியதாக உள்ள இடங்களில் பக்கத்தில் ஓடும் க்யூபிக் இணைப்புகளை நசுக்கியது. உங்கள் சர்வருக்கு மட்டும் வேகம் கிடைத்தது என்று மகிழ்வதற்கு முன் அதையும் யோசியுங்கள்.

எச்டிடிபி 3 வந்துவிட்டதே, இனி டிசிபி தேவையா?

இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் விதிமுறையின் புதுப் பதிப்பான எச்டிடிபி 3-க்கு அடியில் ஓடும் க்விக், டிசிபி தரும் உறுதிகள் இல்லாத எளிய முறையான யுடிபி மேல் கட்டப்பட்டது. டிசிபியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் பின்னால் வந்த எல்லாம் காத்திருக்க வேண்டும். க்விக்கில் ஒரே இணைப்புக்குள் பல ஓட்டங்கள் உண்டு; பாக்கெட் தொலைந்த ஓட்டம் மட்டும் காத்திருக்கும், ஹேண்ட்ஷேக்கும் என்கிரிப்ஷனும் ஒன்றாக முடியும். ஆனால் நெரிசல் விண்டோ, ஸ்லோ ஸ்டார்ட், க்யூபிக், பிபிஆர் எல்லாம் அங்கேயும் உண்டு. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சும் டேட்டாபேஸ் இணைப்புகளும் இன்னும் டிசிபியில்தான் ஓடுகின்றன.

மெதுவாக இருக்கும் ஒரு இணைப்பில் முதலில் எதைப் பார்ப்பது?

லினக்ஸில் எஸ்எஸ் (ss) கட்டளையை -டிஐ (-ti) என்ற தேர்வோடு ஓட்டினால் ஒவ்வொரு இணைப்பின் ஆர்டிடி, நெரிசல் விண்டோ, மறுபடி அனுப்பிய எண்ணிக்கை எல்லாம் தெரியும். அனுப்பும் சர்வரில் ஓட்டுங்கள், பெறும் பக்கத்தில் ஓட்டினால் கதை பாதிதான் தெரியும். மறுபடி அனுப்பிய எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தால் வழியில் இழப்பு. அது ஏறாமல் ஆர்டிடி மட்டும் 20-லிருந்து 400-க்குப் போனால் எங்கோ பஃபர் நிரம்புகிறது. இரண்டும் நன்றாக இருந்து, நெரிசல் விண்டோவும் பெரிதாக இருந்து, அப்படியும் வேகம் வரவில்லையென்றால் நெட்வொர்க்கை விடுங்கள். பெறுபவர் விண்டோ சிறியதா, அல்லது அனுப்பும் நிரலே போதுமான தகவலைத் தரவில்லையா என்று பாருங்கள்.